பூங்காவில் ஒரு மதியத் தூக்கம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. நாங்கள் அப்போது ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில், நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரே அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீட்டில் இருந்தோம். சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு லேத் மெஷினில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். மனைவி ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். மகளுக்கு ஐந்து வயது. மகனுக்கு இரண்டரை.

அந்த வருடம் எங்கள் பிரிவு சொன்ன கெடுவுக்கு முன்பாகவே ஒரு பெரிய ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டது. அதற்குப் பரிசாக எல்லோரையும் குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றுலா அனுப்பினார்கள். பெங்களூர் போகிற பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்கா. ராட்டினம், பொம்மை ரயில், படகுக் குளம், செயற்கையாக அலை அடிக்கும் நீச்சல் குளம், சாயங்காலம் இருட்டியதும் பாட்டுக்கு ஏற்ப ஆடும் வண்ண நீரூற்று. எங்களுக்கெல்லாம் அது வேறு உலகம். ஒரு மாதமாக கேன்டீனில் இதே பேச்சுதான்.

நான் ஒரு தாளில் அட்டவணையே போட்டு வைத்திருந்தேன். எட்டரைக்கு உள்ளே நுழைந்ததும் ராட்டினம், ஒன்பதரைக்கு ரயில், அப்புறம் தண்ணீர்ச் சறுக்கு என்று வரிசையாக. மெஷினில் ஒரு ஜாப் முடிந்ததும் அடுத்த ஜாப் ஏற்றுகிற மாதிரி. முன்பே ஒருமுறை போய்வந்த நண்பர் ஒருவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வரிசை குறையும், அப்போது உட்கார்ந்துவிடாமல் எல்லாவற்றிலும் ஏறிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதையும் அடிக்கோடு போட்டுக் குறித்துக்கொண்டேன்.

மனைவி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் ரெண்டும் தினமும் சாப்பிட்டதும் ஒரு மணிக்குத் தூங்குமே, அந்த நேரத்தை எங்கே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரு ரெண்டு மணி நேரம் மரத்தடியில் படுக்க வைத்தால் போதும், சாயங்காலமும் நீரூற்றுக்கு நிற்காமல் வந்துவிட்டால் எட்டு மணிக்குள் தூங்கிவிடுவார்கள் என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. "தூக்கம் தினம் வரும். இது தினம் வருமா?" என்றேன்.  ஆனால் கட்டுச்சோற்றுப் பையில் அவள் ஒரு பழைய பாயைச் சுருட்டி வைத்ததை நான் கவனித்தேன்.

எனக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்ட். காலை ஏழு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு, முகம் கழுவி, கேட்டுக்கு வெளியே நின்ற பஸ்ஸில் அப்படியே ஏறிவிட்டேன். மனைவியும் பிள்ளைகளும் ஜூஜுவாடியில் ஏறிக்கொண்டார்கள். பிள்ளைகளை ஐந்து மணிக்கே எழுப்பிக் குளிப்பாட்டியிருந்தாள். நான் பஸ்ஸில் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று நினைத்திருந்தேன். பாட்டும் கைதட்டலும் கேலியுமாக அது நடக்கவில்லை.

காலைப் பொழுது அருமையாகப் போனது, அதையும் சொல்ல வேண்டும். மகள் ராட்டினத்தில் உச்சிக்குப் போனதும் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நம்ம வீடு தெரியுதா என்று கேட்டாள். தெரிகிறது என்று ஏதோ ஒரு கூரையைக் காட்டினேன். மகன் பொம்மை ரயிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்றான்.

பன்னிரண்டரைக்கு மகன் ஆரம்பித்தான். காரணமே இல்லாத அழுகை. தண்ணீர் வேண்டும் என்பான், கொடுத்தால் தட்டிவிடுவான். தூக்கு என்பான், தூக்கினால் இறக்கு என்பான். புளிசோற்றைத் துப்பினான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவமானத்தில் அவன் முதுகில் ஒரு அடி வைத்தேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, பாய் இருந்த பையையும் எடுத்துக்கொண்டு புங்கமரத்துப் பக்கம் போய்விட்டாள். போகும்போது மகளையும் என்னோடு அனுப்புங்கள் என்று கை நீட்டினாள். நான் விடவில்லை. மகள்தான் அழவே இல்லையே. நான் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்துகொண்டுதானே இருந்தாள். அவள் பேச்சு நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அடுத்தது படகு. அங்கே மட்டும் கூட்டம் அதிகம். டோக்கன் கொடுத்து, அரை மணி கழித்து வரச் சொன்னார்கள். குளத்துக்கு எதிரே நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முந்தைய நாள் மதியம் எழுந்தவன், அதற்கப்புறம் கண் மூடவே இல்லை. தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று வந்தது.

கண் திறந்தபோது என் கை மடியில் விரிந்து கிடந்தது. பெஞ்சில் நான் மட்டும்தான் இருந்தேன்.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. இங்கேதான் எங்காவது நிற்பாள் என்று எழுந்து பார்த்தேன். பெஞ்சுக்குப் பின்னால், டோக்கன் கொடுக்கிற இடத்தில், ஐஸ் விற்கிறவரைச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு நடுவில். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு மஞ்சள் தெரிந்தது, எதுவும் அவள் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றே முக்கால். நான் எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அவள் போய்ப் பத்து நிமிடமா, அரை மணியா?

அப்புறம்தான் எதிரே இருந்த குளத்தைப் பார்த்தேன். வேலி என்று பெயருக்கு ஒரு கயிறு கட்டியிருந்தது. படகோட்டியிடம் ஓடிப்போய், சின்னப் பெண் யாராவது இந்தப் பக்கம் வந்ததா, எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன். அவர் பார்க்கவில்லை என்றார். ஆழம் மார்பளவுதான், பயமில்லை என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அவர் என்னைவிட உயரமான ஆள். என் மகள் அவர் இடுப்புக்குக்கூட வரமாட்டாள்.  அவருக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நீளமான கழியை எடுத்துக்கொண்டு கரை ஓரமாக நடக்க ஆரம்பித்தார். நான் அந்தக் கழியையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தேன். அந்தச் சில நிமிடங்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை.

குளத்தில் ஒன்றும் இல்லை. அவர் என் தோளைத் தட்டி ஆபீசுக்குப் போகச் சொன்னார். அதற்கு முன்னால் மனைவியிடம் சொல்ல வேண்டும்.

புங்கமரத்தடியில் மகன் பாயில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் தனியாக வருவதைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள். கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்க வெச்சு கைய உட்டீங்க?"

நான் தூங்கிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "கூட்டத்துல" என்றேன். பிள்ளை காணாமல் போன நேரத்திலும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்லியிருக்கிறேன். அவள் தூங்குகிற மகனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் நடக்க ஆரம்பித்தாள்.

ஆபீசில் மைக் காலையிலிருந்தே வேலை செய்யவில்லை. எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் தேடப் போனார்கள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிக் கூப்பிட்ட குரல்கள் இப்போதும் காதில் கேட்கின்றன. நானும் மனைவியும் ராட்டினம், ரயில், சறுக்கு என்று, அட்டவணையில் நான் எழுதிய அதே வரிசையில் போய்ப் பார்த்தோம். அங்கெல்லாம் அவள் இல்லை.

கடைசியில், காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். மஞ்சள் கவுன் பாப்பாவா என்று கேட்டார். அவர் பேசி முடிப்பதற்குள் மனைவி ஓட ஆரம்பித்துவிட்டாள். எந்தப் பக்கம் என்றே தெரியாமல் ஓடியவளை அவர் கூப்பிட்டுத் திருப்பினார்.

அலைக்குளத்துக்குப் பின்னால், பெண்கள் உடை மாற்றுகிற அறைகளை ஒட்டி, துண்டுகளைத் துவைத்து அடுக்கி வைக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. அதன் வாசலில் ஒரு பெண், பூங்காவின் நீல நிறச் சேலையில், கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

உள்ளே, வெயிலில் காய்ந்து வந்திருந்த துண்டுக் குவியலின் மேல் என் மகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. செருப்பு இரண்டும் பக்கத்தில் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

நான் பாய்ந்துபோய்த் தூக்கப் போனேன். அந்தப் பெண் குறுக்கே கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "லேபொத்து அண்ணா, எழுப்பாதீங்க" என்றாள், தெலுங்கும் தமிழும் கலந்து. "நல்ல தூக்கம். இப்ப எழுப்புனா பயந்துக்கும். அது எங்கயும் போயிடாது, நான் நிக்கறேன் இல்ல?"

மனைவி மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போய், மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்தப் பெண் நடந்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். பாப்பா அழுதுகொண்டு வரவில்லை. வழி தவறிய பிள்ளை மாதிரியே இல்லை. கண் சொருக நடந்து வந்து, துண்டுக் குவியலைப் பார்த்து, இங்கே படுக்கலாமா என்று கேட்டிருக்கிறது. அம்மா அப்பா எங்கே என்று இவள் கேட்டதற்கு அது சொன்ன பதிலை, சிரித்துக்கொண்டே, அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"'அப்பா தூங்கறாரு. சத்தம் போடக் கூடாது'ன்னு சொல்லுச்சு அண்ணா. வெரல இப்படி வாய்ல வெச்சுகிட்டு."

மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என் பொய் அங்கே உடைந்தது. ஆனால் எனக்குப் பொய் பிடிபட்டதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் நான் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிட்டால், இருக்கிற ஒரே அறையில் ஈ பறக்கக் கூடாது. ரேடியோ கிடையாது. பாத்திரம் விழக் கூடாது. பிள்ளைகள் விளையாட்டை எடுத்துக்கொண்டு கால் விரலை ஊன்றி நடந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே போய்விட வேண்டும். ஒருமுறை மகள் கரண்டியால் தட்டி விளையாடியதற்கு நான் எழுந்து வந்து கத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் தவறியதே இல்லை. அந்த பெஞ்சிலும் அதைத்தான் செய்திருக்கிறாள். அப்பா தூங்குகிறார். தன் கையை மெதுவாக என் கைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு, என்னை எழுப்பாமல், சத்தமில்லாமல் நகர்ந்து போயிருக்கிறாள். அவளுக்கும் தூக்கம் வந்தது. ஒரு இடம் தேடிப் போயிருக்கிறாள்.

எல்லோருடைய தூக்கத்தையும் வீட்டில் என் தூக்கத்துக்குப் பின்னால் வைத்திருந்தவன் நான். ஒரே ஒரு மதியம் அவர்கள் தூங்கக் கேட்டபோது, கொடுக்காதவனும் நான்தான்.

மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெஞ்சில் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். அவள் மகளின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்படிப் பழக்குனது நானுந்தானே" என்றாள். அதில் கோபம் இல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

மகனையும் துண்டுக் குவியலில் மகளுக்குப் பக்கத்தில் கிடத்தினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் தூங்கினார்கள். எங்கள் ஆட்கள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்து, நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நானும் சுவரில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். மனைவி என்னை எழுப்பவில்லை.

அந்தப் பெண் அங்கேயே நின்றாள். அவளுடைய வேலை இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது என்பது பிறகு பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. அத்திப்பள்ளியில் வீடு. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, நாத்தனாரிடம் விட்டுவிட்டு வருவாளாம். இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பக்கத்தில் படுத்தால்தான் அது தூங்கும், இல்லையென்றால் முழித்தபடியே இருக்கும் என்றாள். அப்படியானால் ஏன் போகவில்லை, காவலாளியிடம் ஒப்படைத்திருக்கலாமே என்று மனைவி கேட்டாள். கொண்டுவந்து ஆபீசில் விடு என்றுதான் அவரும் சொன்னாராம். தூங்குகிற பிள்ளையை யார் யாரோ போய் வருகிற இடத்தில் எப்படிக் கொண்டுபோய்ப் போடுவது என்றாள். அவளுக்கு அது விளக்கம் சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

மகள் நாலு மணிக்கு எழுந்தாள். கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "தூங்கிட்டீங்களாப்பா?" என்று அக்கறையாக விசாரித்தாள். நான் தலையாட்டினேன்.  இனிமேல் நான் தூங்கினாலும் எங்கே இருந்தாலும் என்னை எழுப்பலாம், ஓங்கித் தட்டி எழுப்பலாம் என்று சொன்னேன். அவள் நம்பாதவள் மாதிரி அம்மாவைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்தது இரண்டே இரண்டுதான். பொம்மை ரயிலில் இன்னொரு முறை. அப்புறம் அலைக்குளத்தின் ஓரத்தில் கணுக்கால் தண்ணீரில் அரை மணி நேரம். மகன் ஒவ்வொரு அலைக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரித்தான். ஓடி ஓடிக் காலையில் பார்த்த அத்தனையும் சேர்த்து இந்த அரை மணிக்கு ஈடாகாது.

நீரூற்றைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் கிளம்பும் என்றார்கள். ஏழரை மணிக்கு ஆரம்பிக்குமாம். இரண்டரை பஸ்ஸை விட்டால் அந்தப் பெண்ணுக்கு அடுத்த பஸ் ஐந்தரைக்குத்தான். நாங்களும் அவளோடு வெளியே வந்து அந்த ரூட் பஸ்ஸில் ஏறினோம். இவ்வளவு தூரம் வந்து முக்கியமானதைப் பார்க்காமல் போகிறாயே என்று நண்பர் வருத்தப்பட்டார்.

பஸ்ஸில் மனைவியும் அவளும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, தெலுங்கும் தமிழுமாக எதையெதையோ பேசிக்கொண்டு வந்தார்கள். அத்திப்பள்ளி நிறுத்தத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு காத்துக்கொண்டிருந்தாள். குழந்தை இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. இவள் பஸ் நிற்பதற்குள் இறங்கி ஓடி அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். போட்ட மாத்திரத்தில் அதன் தலை சாய்ந்துவிட்டது. அந்தக் குழந்தையின் மதியத் தூக்கத்தை என் மகள் தூங்கியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் திரும்பி எங்களைப் பார்த்துக் கை ஆட்டினாள். பஸ் கிளம்பிவிட்டது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று எட்டு மணிக்குள் பிள்ளைகள் இருவரும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள்.

அதன்பின் ராத்திரி ஷிப்ட் வாரங்களில் நான் வீட்டுக்கு வந்ததும் படுப்பதில்லை. மகளைப் பள்ளியில் விட்டு, மதியம் அவள் திரும்பிச் சாப்பிட்டதும், நால்வரும் ஒரே பாயில் படுத்துத் தூங்கினோம். முதல் சில நாள் சிரமமாக இருந்தது. அப்புறம் அது எங்கள் வீட்டின் நல்ல நேரமாகிவிட்டது. வீடு அமைதியாக இருந்தது, யாரும் யாருக்கும் பயப்படாமல்.

அடுத்த வருடமும் எங்கள் பிரிவு அதே பூங்காவுக்குப் போனது. ஏற்பாட்டுக் கூட்டத்தில் நான் எழுந்து, மதியம் இரண்டு மணி நேரம் ஓய்வு, ஐந்தரைக்குக் கிளம்புவது என்று கேட்டேன். சிலர் முணுமுணுத்தார்கள். முந்தின வருடம் அன்று தேடி ஓடியவர்கள் யாரும் மறுக்கவில்லை. துண்டு அறையில் போய்ப் பார்த்தேன். அவள் வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவளுடைய குழந்தைக்கென்று மனைவி வாங்கி வைத்திருந்த கவுனை, அத்திப்பள்ளியிலிருந்து வரும் இன்னொரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினோம். அது போய்ச் சேர்ந்ததா தெரியாது.

அன்று மதியம் புங்கமரங்களுக்குக் கீழே ஏழெட்டுப் பாய்கள் விரித்திருந்தோம். பதினைந்து பிள்ளைகளாவது வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். மெஷின் இரைச்சலில் கத்திக் கத்தியே பேசிப் பழகிய ஆண்கள் நாங்கள், சுற்றி உட்கார்ந்து, ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து தூரமாகப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

பேர் தெரியாத ஒரு பெண் தன் குழந்தையைக் காக்க வைத்துவிட்டு என் குழந்தையின் தூக்கத்துக்குக் காவல் நின்றாள். அந்த நன்றியை அவளிடம் சேர்க்க வழி இல்லாததால், பஸ்ஸிலோ ரயிலிலோ மருத்துவமனை வராந்தாவிலோ எந்தக் குழந்தை அயர்ந்து தூங்கினாலும், அது யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும், அதன் பக்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வதை என் பொறுப்பாக இன்றுவரை வைத்திருக்கிறேன்.